வெள்ளாங்குளத்தில் ஒரு நெருப்புப்பெட்டி

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து, திருக்கேதீச்சரம் இருக்கும் திசை நோக்கிக் கைகூப்பிவிட்டு, வடக்கே பூநகரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் திரும்பினால், மரங்களின் பெயரைச் சுமந்த ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. விடத்தல் மரத்தால் விடத்தல்தீவு. இலுப்பை மரத்தால் இலுப்பைக்கடவை. இடப்புறம் கடல் உண்டு; ஆயினும் உவர்நிலமும் கண்டற்காடும் அதனை மறைத்துவிடுகின்றன. காற்றில் வரும் உப்பு வாடையாற்றான் கடலின் அண்மையை உணரலாம். வலப்புறம் வயல்கள், குளக்கட்டுகள், அவற்றுக்கப்பால் பாலையும் வீரையும் செறிந்த காடு. இலுப்பைக்கடவையைத் தாண்டி மேலும் சிறிது வடக்கே சென்றால் வெள்ளாங்குளம். மன்னார் மாவட்டம் ஏறக்குறைய இவ்விடத்தோடு முடிகிறது. அடுத்து வரும் முழங்காவில் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது.

இவ்வூரிற் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் வினவக்கூடும். கோட்டை கொத்தளம் இல்லை. கோபுரம் ஓங்கிய பெருங்கோயிலும் இல்லை. நான் சென்றதும் காட்சி காண்பதற்கன்று. என் பெரியம்மாவைக் கண்டு வருவதற்கே. வந்த இடத்தில் ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. கல்லூரியில் இலக்கணம் கற்பிப்பவனுக்கு இப்படி நேர்வது புதிதன்று.

பெரியம்மாவுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேலாகிறது. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் இராணுவம் இவ்வூரைக் கைப்பற்றியபோது ஊரில் எவரும் இருக்கவில்லை. யாவரும் கிழக்கு நோக்கிப் பெயர்ந்திருந்தனர். பெரியம்மாவும் அவர்களோடு நடந்து, பின்னர் முகாமில் இருந்து, திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு இருந்தது. “கிணறு இருந்தாற் போதும், தம்பி, மற்றதெல்லாம் கட்டலாம்” என்று அப்போது என்னிடம் கூறியவர். கட்டியும் விட்டார்.

அவருடைய மூத்த மகன் 1990களிற் டென்மார்க் சென்று, யூட்லாந்து என்னும் பகுதியிற் குடும்பத்தோடு வாழ்கிறார். அப்பகுதியிலே ஹேர்னிங் நகரில் விநாயகருக்கும், பிரான்ட என்ற ஊரில் அபிராமி அம்மனுக்கும் நம்மவர் கோயில் அமைத்து வழிபடுகின்றனர் என்பதை வாசகர் பலர் அறிந்திருப்பர். மகனின் பிள்ளை, பன்னிரண்டு வயதுச் சிறுவன், கோடை விடுமுறைக்கு முதன்முறையாக அப்பம்மாவிடம் வந்திருந்தான். வார இறுதி வகுப்பிற் கற்ற தமிழ் அவனுடையது, எழுத்துக்கூட்டி வாசிப்பான், பேசும்போது சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான். அப்பம்மாவோ, வாழ்நாளில் வேகம் குறைத்துப் பேசி அறியாதவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே பத்து நாள்களைக் கழித்துவிட்டனர் என்பது நான் போன அன்றே விளங்கிற்று.

அன்று மாலை விளக்கு வைக்கும் வேளையில் மின்சாரம் நின்றது. சிறுவன் தன் கைப்பேசி விளக்கை ஏற்றினான். “அதை அணை, ராசா, கண் கூசுது” என்ற பெரியம்மா, “குசினிக்குள்ள நெருப்புப்பெட்டி இருக்கு, எடுத்துக்கொண்டு வா” என்றார்.

சிறுவன் போனான். நெடுநேரம் வரவில்லை. பின்னர் இரண்டு கைகளாலும் பாரமான ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்திற் பெரியம்மாவின் முன்னே வைத்தான். அது பழைய இரும்புத் துணி தேய்ப்புப் பெட்டி. அன்று காலை அவனுடைய வேட்டியைத் தேய்ப்பதற்காகப் பெரியம்மா அதனுள்ளே சிரட்டைக்கரித் தணலை இட்டதை அவன் அருகிருந்து பார்த்திருக்கிறான்.

“இது சரியான பாரம், அப்பம்மா. ஆனா உள்ளுக்கு இப்ப நெருப்பு இல்லை” என்றான்.

பெரியம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘நெருப்பு’ அவனுக்குத் தெரியும், ‘பெட்டி’யும் தெரியும். இரண்டையும் சேர்த்து, நெருப்பை உடைய பெட்டி எதுவென்று அவன் தேடியிருக்கிறான். அந்த வீட்டில் நெருப்பை உடைய பெட்டி உண்மையில் அது ஒன்றுதான்! நாம் நெருப்புப்பெட்டி என்று சொல்லும் பொருளில் நெருப்பு எங்கே இருக்கிறது? நெருப்பை உண்டாக்கும் குச்சிகள் அல்லவா இருக்கின்றன? உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நாம் அப்பாற் சென்றுவிடுகிறோம். தொக்கது எது என்பதைப் பிறந்த வீட்டிற் கேட்டுப் பழகியவன் அறிவான். பழகாதவன் ஒரு பெட்டியைச் சுமந்து வருவான். இருபது ஆண்டுகள் தொகைநிலைத் தொடர் கற்பித்தவனுக்கு அன்றுதான் அது மண்டையில் உறைத்தது.

நானே எழுந்து சென்று நெருப்புப்பெட்டியை எடுத்து வந்தேன். அதைக் கண்டதும் சிறுவன், “ஓ, டென்ஸ்டிக்!” என்றான். “இதை நாங்கள் அப்படித்தான் சொல்லுறது, சித்தப்பா.”

அச்சொல்லைப் பிரிக்கும்படி கேட்டேன். ‘டென்’ என்றால் பற்றவைத்தல். எழுத்திலே அதனிடையே டகர ஒலி ஒன்று உண்டு, நாவிலே இல்லை. ‘ஸ்டிக்’ என்றால் சிறு மரக்குச்சி. பற்றவைக்கும் குச்சி, பற்றவைத்த குச்சி, பற்றவைக்கின்ற குச்சி: முக்காலத்துக்கும் பொருந்தி வருகிறது. நம் இலக்கணப்படி இது நல்ல வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு என்பவற்றோடு பந்தியில் அமரத் தகுந்தது. அதனை அவனிடம் சொன்னேன். டேனிஷ் மொழியில் இப்படிப்பட்ட சொற்கள் எத்தனையும் உண்டு என்று கூறி, கைப்பேசி விளக்கைக் காட்டி, இதற்குப் ‘பை விளக்கு’ என்று பெயர் என்றான்; சட்டைப்பையில் அடங்கும் விளக்கு என்பதாம்.

“ஆனா கதையிலை வேறை சொல் இருக்கு” என்றான் பின்பு. “ஸ்வௌல்ஸ்டிக். இப்ப ஒருத்தரும் அப்படிச் சொல்லுறதில்லை. ரீச்சர்தான் விளங்கப்படுத்தினவ.”

‘ஸ்வௌல்’ என்றால் கந்தகம். ஸ்வௌல்ஸ்டிக் கந்தகக் குச்சி. அவன் குறிப்பிட்ட கதை, ஹான்ஸ் கிறிஸ்தியன் அன்டர்சன் எழுதியது. ‘தீக்குச்சி விற்ற சிறுமி’ என்று தமிழில் நாம் அறிந்திருக்கும் கதையின் டேனிஷ் பெயரில் இருப்பது தீயன்று, கந்தகம். மொழிபெயர்ப்பின் வழியிலே கந்தகம் உதிர்ந்துவிட்டது.

இந்தக் கந்தகக் குச்சியின் வரலாறு சுவையானது. உராய்ந்தாற் பற்றிக்கொள்ளும் குச்சி உலகுக்கு வருமுன், சக்கிமுக்கிக் கல்லை இரும்பில் அடித்து, பொறியைப் பஞ்சு போன்ற பொருளில் ஏந்துவார்கள். பஞ்சு கனலுமேயன்றிச் சுடர்விடாது. அந்தக் கனலிலிருந்து சுடரை எடுப்பதற்கு, நுனியிற் கந்தகம் தோய்த்த மெல்லிய மரக்குச்சியை வைப்பார்கள். அதுவே முதற் கந்தகக் குச்சி. தானாகத் தீ மூட்டாது. இருக்கும் தீயை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் தூதன் மட்டுமே. 1827ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோன் வோக்கர் என்னும் மருந்துக்கடைக்காரர் உராய்வாற் பற்றும் குச்சியை விற்கத் தொடங்கினார். பொருள் புதிது, டென்மார்க்கில் பெயர் பழையதே. தூதனுக்கு வைத்த பெயரால் அரசனையும் அழைத்தார்கள். ‘பற்றவைக்கும் குச்சி’ என்ற பெயர் பிறந்து, பழைய பெயரைக் கதைப் புத்தகத்துக்குள் அனுப்பியது பிற்பாடு.

அன்டர்சனின் இரு கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்த மாற்றம் தெரியும். 1835இல் வெளிவந்த அவருடைய முதற் கதைத் தொகுதியின் முதற் கதைக்குப் பெயர் ‘ஃபியுர்டொய்’. தீ என்று பொருள்படும் ஒரு சொல்லும், கருவி என்று பொருள்படும் ஒரு சொல்லும் கூடிய தொகை. சக்கிமுக்கிப் பெட்டியைக் குறிப்பது. பத்தாண்டு கழித்து, 1845இல், கந்தகக் குச்சிக் கதை. அந்த ஆண்டு நவம்பரில் அவர் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது, பதிப்பாளர் ஒருவர் மூன்று படங்களை அனுப்பி, ஏதேனும் ஒன்றுக்குக் கதை எழுதித் தருமாறு வேண்டினார். அவர் தெரிந்தெடுத்தது, லுண்ட்பூ என்னும் ஓவியர் வரைந்த, கையிற் குச்சிக்கட்டு ஏந்திய ஏழைச் சிறுமியின் படம்.

1845 என்றதும் தமிழர்க்கு மற்றொன்று நினைவுக்கு வரவேண்டும். டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு வெளியேறிய ஆண்டும் அதுவே. 1620இல் ஓவ கெட என்ற தளபதியின் கப்பல்கள் முதலில் நாடி வந்தது நம் இலங்கையைத்தான். கண்டி அரசனோடு கொண்ட முயற்சி கைகூடாமற்போகவே, தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியிற் கோட்டை கட்டினார்கள். டேனிய அரசன் அனுப்ப 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, சிறுவரோடு மணலில் எழுதித் தமிழ் கற்றதும், அங்கே தமிழ் நூல்கள் அச்சேறியதும் யாவரும் அறிந்தவை. ஆயினும் இருநூற்றிருபத்தைந்து ஆண்டுத் தொடர்பில், நம் வீட்டுப் பொருள் ஒன்றுக்கேனும் டேனிஷ் பெயர் ஒட்டிக்கொண்டதாக எனக்குத் தென்பட்டதில்லை. மன்னாரில் 1560 முதல் ஏறத்தாழ நூறாண்டு இருந்த போர்த்துக்கேயரோ, கதிரை, மேசை, யன்னல், அலவாங்கு, குசினி என்று வீடு முழுவதும் சொற்களை விட்டுச்சென்றனர். அவர்களை அடுத்து வந்த ஒல்லாந்தரும் சளைத்தவரல்லர். கந்தோர் அவர்களுடையது. வீட்டின் கோடியில் உள்ள, பெயர் சொல்லத் தயங்கும் அந்தச் சிறு அறையின் பெயர்கூட ஒல்லாந்த மொழியின் தொகைச்சொல்லே. ‘கூசு’ என்ற பிற்பகுதிக்கு வீடு என்று பொருள். முற்பகுதியை வாசகர் ஊகித்துக்கொள்க.

அது கிடக்க. தமிழர் தீக்குச்சிக்கு யாரிடமும் பெயர் கடன் கேட்கவில்லை. பொருள் அயல்நாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது. பெயரை இங்கேயே செய்துகொண்டார்கள், அதுவும் ஊருக்கொன்றாக. நூலெழுதுவோருக்குத் தீப்பெட்டி. தமிழ்நாட்டுப் பேச்சில் வத்திப்பெட்டி. வத்தி என்பது விளக்குத் திரி. வியப்பு என்னவென்றால், ஆங்கிலர் ‘மாச்’ என்று சொல்வதும் விளக்குத் திரியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்ததுதான். ஒருவரையொருவர் கேளாமலே இருவரும் குச்சியைத் திரியாகக் கண்டிருக்கிறார்கள். ஈழத்தில் நமக்கு நெருப்புப்பெட்டி. சிங்களத்தில் ‘கினிபெட்டிய’, அதுவும் நெருப்புப்பெட்டியே, பெட்டி உட்பட.

இன்னும் பின்னோக்கிப் போனால், சங்கத் தமிழில் ஞெலிகோல் இருக்கிறது. ஞெலிதல் கடைதல், கடைந்து தீயெடுக்கும் கோல் ஞெலிகோல். புறநானூற்றில் ஔவையார், வெளியே அடங்கித் தோன்றும் அதியமானை, வீட்டின் கூரையிற் செருகிவைத்த ஞெலிகோலுக்கு ஒப்பிடுகிறார். டென்ஸ்டிக்கும் ஞெலிகோலும் ஒரே அச்சில் வார்த்தவை: முன்னே வினை, பின்னே மரத்துண்டு. இதைச் சிறுவனிடம் கூறி, அவனுடைய குறிப்பேட்டில் ‘ஞெ’ என்ற எழுத்தை எழுதிக் காட்டினேன். அந்த எழுத்தைத் தன் வகுப்பில் ஒருவரும் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை என்றான். என் வகுப்பிலும் அப்படித்தான் என்பதை ஒப்புக்கொண்டேன்.

இதற்குள் பெரியம்மா விளக்கேற்றிவிட்டார். அந்த விளக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். 1990இன் பின் வடக்குக்குப் பொருள்கள் வருவது தடைப்பட்டு, மண்ணெண்ணெய் கிடைப்பதற்கரிதாகி விலை ஏறியபோது நம்மவர் கண்ட விளக்கு அது. வெறும் ஜாம் போத்தல். அடியிற் சிறிது பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். கம்பியிற் பிடித்த மெல்லிய திரி. போத்தலே காற்றுக்கு மறைப்பு. ‘சிக்கன விளக்கு’ என்று அதற்குப் பெயர். அக்காலத்து மாணவர்கள் அதன் ஒளியிற் படித்துத்தான் பரீட்சை எழுதினார்கள். மின்சாரம் வந்த பின்னும் பெரியம்மா ஒன்றை எறியாமல் வைத்திருந்தார்.

விளக்கடியில் அமர்ந்து, சிறுவன் அன்டர்சனின் கதையை அப்பம்மாவுக்குச் சொல்லத் தொடங்கினான். தமிழ் போதாத இடத்தில் கைகள் பேசின. கைகளும் போதாத இடத்தில் நான் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தேன். ஆண்டின் கடைசி இரவு, பனி, காலிற் செருப்பில்லாத பெண்பிள்ளை, ஒரு குச்சியும் விலைபோகவில்லை, வீட்டுக்குப் போனால் தகப்பன் அடிப்பான். குளிர் தாங்காமல் ஒரு குச்சியைச் சுவரில் உரசுகிறாள்.

“சுவரிலை உரசினா எப்பிடிப் பத்தும்?” என்று இடைமறித்தார் பெரியம்மா. நல்ல கேள்வி. அக்காலத்துக் குச்சி எங்கே உரசினாலும் பற்றும். அதனுள் இருந்த வெள்ளைப் பொசுபரசு அப்படிப்பட்டது. அதைக் கையாண்ட தொழிலாளரின் தாடையெலும்பு அழுகிற்று. டென்மார்க் 1874இலேயே அதைத் தடைசெய்தது. இந்தியாவில் 1913இற்றான் சட்டம் வந்தது. 1844இல் சுவீடன் நாட்டவரான பாஷ் என்னும் வேதியியலறிஞர் காப்புரிமை பெற்ற முறையோ, மருந்தை இரண்டாகப் பகுத்து, ஒரு பகுதியைக் குச்சியின் தலையிலும் மறு பகுதியைப் பெட்டியின் பக்கத்திலும் வைத்தது. இன்று குச்சி தனியே நின்றால் எளிதிற் பற்றாது. பெட்டியைத் தேடியே செல்லவேண்டும். நெருப்பிற் பாதி பெட்டியில் இருக்கிறது என்றே சொல்லலாம். நம் முன்னோர் குச்சியை விட்டுப் பெட்டிக்கு நெருப்பின் பெயரை வைத்தது அவ்வளவு பிழையன்று என்று எனக்கு அப்போது தோன்றிற்று.

கதை தொடர்ந்தது. முதற் குச்சியின் ஒளியில் இரும்பு அடுப்பு. அடுத்ததில் உணவு நிறைந்த மேசை. பின்னொன்றில் விளக்குகள் மின்னும் மரம். அப்புறம் அப்பம்மா. இறந்துபோன அப்பம்மா ஒளியில் நிற்கிறாள். குச்சி அணைந்தால் அவளும் மறைந்துவிடுவாளே என்று சிறுமி அஞ்சுகிறாள். “அதாலை, மிச்சம் இருந்த குச்சி எல்லாத்தையும், முழுக்கட்டையும், ஒண்டாப் பத்தவைக்கிறா” என்றான் சிறுவன்.

“முழுக்கட்டையுமா?” என்று நிமிர்ந்தார் பெரியம்மா. “ஐயோ! ஒரு குச்சி போதுமே!”

நான் சிரித்துவிட்டேன். பெரியம்மா சிரிக்கவில்லை. தடைக்காலத்தில் தம் வீட்டில் ஒரு நெருப்புப்பெட்டி எத்தனை நாள் ஓடிற்று என்பதைச் சொன்னார். குச்சியை நெடுக்காகச் சத்தகத்தாற் பிளந்து, ஒன்றை இரண்டாக்கினாராம். இரவில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி வைப்பாராம். அது அணைந்துபோனால் அடுத்த வீட்டுக்குச் சிரட்டையோடு போவாராம். “உன்ரை அப்பாவைத்தான் அனுப்புவன். சிரட்டைத் தணலை ஊதி ஊதிக்கொண்டு வருவான். ஒருநாள் விழுந்து முழங்கையைச் சுட்டுப்போட்டான்” என்றார்.

சிறுவன் விளக்கை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்பாவின்ரை கையிலை அடையாளம் இருக்கு” என்றான் மெதுவாக. “நான் கேட்டனான். அவர் ஒண்டும் சொல்லேல்லை.”

பெரியம்மா இம்முறை வேகம் குறைத்துப் பேசினார். எந்தக் கை, எந்த வீடு, எந்த மரத்தடியில் விழுந்தான் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். சிறுவன் விளங்காத சொல்லைத் திருப்பிக் கேட்டான். தணல் என்ற சொல்லுக்கு மட்டும் என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்குமுன், பெரியம்மா எழுந்து அவனைக் குசினிக்கு அழைத்துச் சென்று, அடுப்புச் சாம்பலை ஈர்க்கினால் விலக்கிக் காட்டினார். “இதுதான், ராசா.” அதற்கு டேனிஷ் மொழியில் என்ன பெயர் என்று அவன் சொன்னான். பெரியம்மா அதைத் தம் வாயாற் சொல்லிப் பார்த்தார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இருவரும் மீண்டும் மீண்டும் சொல்லிச் சிரிப்பது மட்டும் கேட்டது.

தேத்தண்ணீர் வைப்பதற்கு அடுப்பை மூட்டவேண்டியிருந்தது. சிறுவன் நெருப்புப்பெட்டியைத் திறந்து புதுக் குச்சி ஒன்றை எடுத்தான். பெரியம்மா அதை வாங்கிப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டு, விளக்கேற்றிய பின் எறியாமல் பிறையில் வைத்திருந்த பாதி எரிந்த பழைய குச்சியை எடுத்து, சிக்கன விளக்கின் சுடரிற் பிடித்து, கையால் மறைத்துக்கொண்டு அடுப்படிக்குக் கொண்டுபோனார்.

“ஸ்வௌல்ஸ்டிக்” என்றான் சிறுவன்.